ஷட்டவுன் நாள்

“எரியறது எந்தப் பொம்மைங்க அம்மணி? எண்ணெய்க் கிண்டியாட்டம் இருக்குதுங்களா, பொட்டியாட்டம் இருக்குதுங்களா? அதெ மட்டும் சொல்லுங்க.”

“பொட்டிதானுங்ணா. மேல ரெண்டு கொம்பு. உள்ளுக்குள்ள கூட்டல் கழித்தல் போட்டிருக்குது.”

“வண்டி ஓட்டத்துல இருக்குதுங்களா?”

“ஓடிட்டுத்தான் இருக்குது.”

“அப்பொ அமத்திப்போடாதீங்க. என்ன ஆனாலும் அமத்திப்போடாதீங்க. அமத்துனா மறுக்கா எடுக்காது.”

அலைபேசி டேஷ்போர்டின் மேல் நின்றிருந்தது. அதிலிருந்து பேசியவர் ரங்கராஜ், சூலூருக்கு முன்னால் ரோட்டோரம் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். கேட்டபடி காரை ஓட்டிக்கொண்டிருந்தவள் லோகப்பிரியா. பல்லடத்தைத் தாண்டிக் கோயமுத்தூர் போகும் சாலையில் வந்துகொண்டிருந்தாள். பக்கத்து இருக்கையைச் சாய்த்துவிட்டுப் படுத்திருந்தவர் அவள் அப்பா திருமலைசாமி. அவர் மூக்கில் ஒரு மெல்லிய குழாய். குழாயின் மறுமுனை, அவர் காலடியில் பள்ளிக்கூடப் பை அளவில் இருந்த ஓர் இயந்திரத்துக்குள் போனது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் இயந்திரம். அவர் மூச்சை இழுக்கும்போதெல்லாம் அது ‘புஸ்’ என்றது. அதற்கு வேண்டிய மின்சாரம் காரின் சாக்கெட்டிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

அந்தப் ‘புஸ்’ நின்றால் என்ன ஆகும் என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். கொஞ்ச நேரம் தாக்குப் பிடிப்பார் என்றார். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது நினைத்தாள்.

பேட்டரி முந்தாநாள்தான் புதிதாக மாற்றியது என்று ரங்கராஜிடம் சொன்னாள். விளக்கு எரிவதைப் பார்த்ததும், அப்பாவின் தறிப்பட்டறையில் வேலை செய்யும் கண்ணையா காரைப் பல்லடத்துக்கு ஓட்டிப்போய்ப் புது பேட்டரி போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதன் பிறகும் விளக்கு அணையவில்லை. புதுசுதானே, போகப் போக அமந்துரும் என்றார் கண்ணையா. சாவியைத் திருகியதும் வண்டி எடுத்துக்கொண்டது. அதனால் எல்லாரும் நம்பினார்கள். துடியலூரிலிருந்து நேற்று பஸ்ஸில் வந்து இறங்கிய லோகப்பிரியாவும் நம்பினாள்.

ரங்கராஜ் சிரிக்கவில்லை. “நீங்க புதுத் தொட்டி கட்டியிருக்கறீங்க. தண்ணி எடுத்து உடற மோட்டாரு ஓடலீங்களே. பேட்டரி தொட்டிங்க. அதெ நெப்பறது ஆல்டர்னேட்டரு. அது நெப்பாம, தொட்டித் தண்ணியில வண்டி வந்துட்டு இருக்குது. தீந்தாத் தீந்துதுங்க.”

ஏசி, பாட்டு, பின்கண்ணாடிச் சூடு, எல்லாவற்றையும் அமர்த்தச் சொன்னார். போனைச் சார்ஜில் போட்டிருந்தால் பிடுங்கச் சொன்னார். வேறு ஏதாவது காரிலிருந்து கரண்ட் எடுக்கிறதா என்று கேட்டார்.

“அப்பாவோட ஆக்சிஜன் மிஷினுங்ணா.”

ஒரு லாரி கடந்து போகும் இரைச்சல் மட்டும் போனுக்குள் கேட்டது. பிறகு ரங்கராஜ் வேறு குரலில், மிஷினை மட்டும் பிடுங்க வேண்டாம், நேராகத் தன் கடைக்கு வந்துவிடுங்கள் என்றார். ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்று அவள் கேட்டாள். கூப்பிட்டுவிட்டு ரோட்டில் எங்கே நிற்பீர்கள், அது வந்து சேருவதற்குள் நீங்களே இங்கே வந்துவிடலாம், வாருங்கள் என்றார். போனை வைத்தபோது அதிலும் கொஞ்சம்தான் சார்ஜ் மீதி இருந்தது.

திரும்பிப் போகவும் முடியாது. வீட்டில் இன்று கரண்ட் இல்லை. மாதம் ஒருநாள் லைனைப் பராமரிக்க மின்சாரத்தை நிறுத்துவார்கள். ஒன்பது மணிக்குப் போனால் சாயங்காலம்தான் வரும். தறிக்காரர்களுக்கு அந்த ஷட்டவுன் நாள்தான் விடுமுறை. கல்யாணத்துக்குப் போவது, பெண் பார்க்கப் போவது, பல் பிடுங்கிக்கொள்வது எல்லாம் அன்றைக்குத்தான். தறி ஓடும் நாளில் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று திருமலைசாமி ஒவ்வொரு மாதமும் டாக்டர் கொடுத்த தேதியைத் தள்ளிப்போட்டு ஷட்டவுன் நாளாகப் பார்த்து வாங்கிக்கொள்வார். கரண்ட் இல்லாத நாளில், கரண்ட் இல்லாமல் மூச்சு விட முடியாத மனிதரைக் கிளப்பிக்கொண்டு போகிறோமே என்று யாருக்கும் தோன்றவில்லை. வீட்டிலிருந்த ஆக்சிஜன் சிலிண்டர் காலையில் கரண்ட் போனதிலிருந்து புறப்படும்வரை ஓடித் தீர்ந்துவிட்டது. இயந்திரத்துக்குள்ளே சொந்தமாக ஒரு சின்ன பேட்டரி உண்டு. பழசு. முழுதாகச் சார்ஜ் போட்டாலும் ஒரே ஒரு பச்சைப் புள்ளிதான் காட்டும்.

ஏசி நின்றதும் காருக்குள் வெப்பம் ஏறியது. அவள் கண்ணாடியை இறக்கப் பொத்தானில் விரலை வைத்தாள். இதற்கும் கரண்ட் வேண்டுமே என்று விரலை எடுத்துவிட்டாள். அப்பாவின் நெற்றி வியர்த்திருந்தது.

“கண்ணையா பேட்டரி மாத்துனானாக்கும்,” என்றார் அவர். இரண்டு வார்த்தைக்கு நடுவே ஒரு ‘புஸ்’. “அவனுக்கு... தறிப் பாவுக்கு அந்தாலே... கண்ணு தெரியாது.”

“பேசாதீங்கப்பா. மூச்சு வாங்குது.”

“சிரிக்கறதுக்குச் சொன்னேன் அம்மணி.”

அவள் சிரிக்கவில்லை. சாலையைப் பார்த்தாள், டேஷ்போர்டில் எரியும் சிவப்புப் பெட்டியைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள். அந்தச் சின்னப் பெட்டிக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு, கதவைத் திறக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருப்பது போலிருந்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இப்படித்தான். இரவெல்லாம் ஓடும் தறிச் சத்தத்தை ரயில் என்று நினைத்துக்கொள்வாள். வீடு மொத்தமும் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது, விடிந்தால் வேறு ஊர். ஷட்டவுன் நாளில் ரயில் நின்றுவிடும். ஓடிப்போய் வாசலில் நின்று பார்த்தால் அதே வேலி, அதே கோழிப் பண்ணை, அதே ஊர். இப்போது அந்த ஊரிலேயே இருந்திருந்தால் போதும் என்றிருந்தது.

காரணம்பேட்டையை நெருங்கும்போது தூறல் விழுந்தது. முதலில் கண்ணாடியில் நாலைந்து துளிகள். பிறகு முன்னால் போகும் சரக்கு வண்டி ஒரு சாம்பல் நிறக் கறையாக மாறியது. வைப்பரைப் போட்டால் ரோடு தெரியும். போட்டால் தொட்டியில் தண்ணீர் குறையும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கறையைப் பார்த்தே ஓட்டினாள். கறையின் பின்னால் திடீரென்று இரண்டு சிவப்பு விளக்குகள் எரிந்தன. பிரேக்கை மிதித்தாள். கார் வழுக்கி, அந்த வண்டியின் பின்கதவில் எழுதியிருந்த முருகன் பெயரைப் படிக்கிற தூரத்தில் நின்றது.

எஞ்சின் நின்றுவிட்டதோ என்று முள்ளைப் பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்தது. வைப்பரை ஒரே ஒரு முறை இழுத்துவிட்டாள். அது பாதிக் கண்ணாடி வரை போய், யோசித்து, மெதுவாகத் திரும்பி வந்தது.

“சத்தம் மாறுது,” என்றார் திருமலைசாமி.

“எதுங்கப்பா?”

“மிஷினு.”

அவள் காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நாற்பது வருடம் தறிக்கு நடுவே இருந்த காது அது. எல்லாத் தறியும் ஓடும்போது நிம்மதியாகத் தூங்குவார். ஏதாவது ஒன்று நின்றால் விழித்துக்கொள்வார். அதற்காகவே பட்டறையின் மூலையில் பலகை அடித்துத் தடுத்த அறையில்தான் இன்னும் படுக்கிறார். பஞ்சுத் தூசி நுரையீரலில் அடைந்துபோய்விட்டது, அங்கே படுக்கக் கூடாது என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். சத்தம் இல்லாமல் தூக்கம் வராது என்று இவர் டாக்டரிடமே சொல்லிவிட்டு வந்தார்.

அவர் சொன்னது சரிதான். இயந்திரத்தின் மேலே பச்சையாக இருந்த விளக்கு மஞ்சளாகியிருந்தது. காரிலிருந்து வரும் கரண்ட் போதாமல், தன் சொந்த பேட்டரிக்கு மாறிவிட்டது. அந்த ஒற்றைப் புள்ளிக்கு.

அதே நேரம் டேஷ்போர்டில் இன்னொரு விளக்கு வந்தது. பிறகு இன்னொன்று. ஸ்டீயரிங் திடீரென்று கனத்தது. வளைவில் திருப்ப அவள் இரண்டு கையாலும் தொங்க வேண்டியிருந்தது. கார் தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கைவிடுகிறது என்று நினைத்தாள். கடிகாரம் மங்கி அணைந்தது. சிவப்புப் பெட்டி மட்டும் மங்காமல் எரிந்தது.

புஸ். அவள் காத்திருந்தாள். புஸ். அடுத்ததற்குக் காத்திருக்கும்போது தன் மூச்சையும் பிடித்துக்கொள்கிறாள் என்று நெஞ்சு வலித்தபோதுதான் தெரிந்தது.

அப்பா அவள் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். உதடு லேசாக நீலம் பூத்திருந்தது. அவர் கையை நீட்டி, கியர் மேலிருந்த அவள் கையின் மேல் வைத்தார். தட்டிக்கொடுக்கிறார் என்று நினைத்தாள். இல்லை, பிடித்துக்கொண்டிருந்தார்.

இயந்திரம் ‘பீப்’ என்று கத்தத் தொடங்கியபோது ரோட்டோரத்தில் மழைக்குள் ஒரு ஆள் கையை வீசிக்கொண்டு நின்றது தெரிந்தது. நரைத்த மீசை, தலையில் ஒரு பிளாஸ்டிக் பை. ரங்கராஜ்தான். காரை ஷெட்டுக்குள் விடச் சொல்லிப் பின்னாலேயே ஓடி வந்தார். உள்ளே விளக்கு எரியவில்லை. அவள் வெளியே குதித்து, பிளக் பாயிண்ட் எங்கே என்று கேட்டாள்.

“எங்க லைன்லயும் இன்னிக்கு ஷட்டவுனுங்க அம்மணி.”

ரங்கராஜ் நின்று பேசவில்லை. போனட்டைத் திறந்து, ஓரமாக எடுத்து வைத்திருந்த லாரி பேட்டரி ஒன்றைத் தரையோடு இழுத்து வந்தார். தடித்த வயர் இரண்டை எடுத்துச் சிவப்பைச் சிவப்போடும் கறுப்பை எஞ்சினின் வெறும் இரும்போடும் கவ்வவிட்டார். ஒரு பொறி தெறித்தது. காருக்குள் கடிகாரம் எரிந்தது. இயந்திரத்தின் கத்தல் நின்றது. மஞ்சள், பச்சையானது.

புஸ்.

லோகப்பிரியா அப்பாவின் கதவருகே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் உதட்டில் நிறம் திரும்பும்வரை அங்கேயே இருந்தாள். அது மெதுவாகத் திரும்பியது. ரங்கராஜ் தூரத்தில் நின்று, டீ சொல்லட்டுங்களா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஆனாலும் டீ வந்தது.

பிறகு அவர் வேலையைத் தொடங்கினார். எஞ்சினை அமர்த்துவதற்கு முன் மீட்டரின் இரண்டு முனைகளைப் பேட்டரியில் வைத்து அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். லாரி பேட்டரியின் வயரை ஒரு நொடி எடுத்துவிட்டு வைத்தபோது பதினோரு வோல்ட் சொச்சம். எஞ்சின் ஓடும்போது பதினாலு காட்ட வேண்டும், பன்னெண்டுக்குக் கீழே இருந்தால் ஆல்டர்னேட்டர் செத்துவிட்டது என்று அர்த்தம் என்றார். வயரை உடனே மாட்டினார். அந்த நொடியிலும் அவள் திரும்பி இயந்திரத்தின் விளக்கைப் பார்த்தாள்.

பெல்ட் சரியாக இருந்தது. ஃபியூஸ் சரியாக இருந்தது. எஞ்சினை அமர்த்திவிட்டு, லாரி பேட்டரி இயந்திரத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்க, அவர் பெல்ட்டைக் கழற்றி ஆல்டர்னேட்டரை வெளியே எடுத்தார். மேஜை மேல் வைத்து நாலு போல்ட்டைத் திருகி இரண்டாகப் பிளந்தார். பிளந்தவர் அப்படியே நின்றார்.

உள்ளே செம்புச் சுருள் தெரியவில்லை. காற்றுப் போக வேண்டிய இடைவெளி எல்லாம் சாம்பல் நிறத்தில் எதுவோ அடைத்திருந்தது. எலி கூடு கட்டியிருக்கிறது என்று நினைத்தாள். ரங்கராஜ் ஸ்குரூ டிரைவரால் நெம்பியபோது அது கம்பளித் துண்டு போல ஒரே தகடாகப் பிய்ந்து வந்தது.

“வண்டிய எங்கீங்க நிறுத்துவீங்க?”

பட்டறைக்குள்ளேதான் என்றாள். வெளியே வேப்ப மரத்தடியில் நிறுத்தியபோது அணில் வயரைக் கடித்துவிட்டது. அதிலிருந்து தறிக்குப் பக்கத்திலேயே நிறுத்துகிறார்கள்.

“பஞ்சுங்க அம்மணி. காத்தோட உள்ள இழுத்து இழுத்து, எண்ணெயும் சேந்து ஃபெல்ட்டாட்டம் ஆகிப்போச்சு. சூடு வெளிய போகாம, உள்ள கரண்டு கடத்தற பிரஷ்ஷு கருகிப்போச்சு. பாருங்க, பாவம், மூச்சு உடறதுக்கே எடமில்லீங்க இதுக்கு...”

சொல்லிவிட்டு நிறுத்தினார். காருக்குள் புஸ் என்றது. ரங்கராஜ் தலையைக் குனிந்துகொண்டு, கையில் இருந்ததைத் தூக்கிப் போடுவதா வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றார்.

“அதெ இங்க குடுங்க,” என்று கதவுக்குள்ளிருந்து கையை நீட்டினார் திருமலைசாமி.

கொடுக்க வேண்டாம் என்று லோகப்பிரியா கண்ணால் சொன்னாள். ஆனால் வயதில் பெரியவர் கேட்கிறார். ரங்கராஜ் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் அந்தச் சாம்பல் தகட்டை ஒரு ஓரத்தில் பிய்த்து, இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டினார். நூலாகத் திரிந்தது. இழுத்துப் பார்த்தார்.

“நாப்பதாம் நம்பரு,” என்றார். “நம்ம ஊடை நூலு.”

தறியில் குறுக்கே ஓட்டும் நல்ல நூலைக் கடையில் பார்த்துச் சொல்வது போலச் சொன்னார். அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

கம்ப்ரசர் ஓடாததால் ரங்கராஜ் டயருக்குக் காற்றடிக்கும் கால் பம்பை மிதித்து மிதித்து ஊதினார். பெட்ரோல் தொட்ட பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டினார். ஓரத்தில் கிடந்த பழைய ஆல்டர்னேட்டர் ஒன்றிலிருந்து நல்ல பிரஷ் செட்டைக் கழற்றி இதற்குப் போட்டார். நல்ல மழை பெய்து, விட்டு, மறுபடி தூறியது. அவள் காருக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். லாரி பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டாள். சாயங்காலம் வரைகூடத் தாங்கும் என்றார். சிறிது நேரம் கழித்து மறுபடி கேட்டாள். அவர் முதல் தடவை போலவே பதில் சொன்னார்.

மாட்டி முடித்ததும் சாவியைத் திருகச் சொன்னார். அவள் விரல் திருகவில்லை. ரங்கராஜ் காத்திருந்தார். திருகினாள். எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. எஞ்சின் எடுத்தது. ஒவ்வொன்றாக அணைந்தன. சிவப்புப் பெட்டி கடைசியாக அணைந்தது. மீட்டரில் பதினாலு. அவர் லாரி பேட்டரியின் வயரைக் கழற்றினார். இயந்திரத்தின் விளக்கு பச்சையாகவே இருந்தது.

கூலியை அடுத்த மாதம் வரும்போது வாங்கிக்கொள்கிறேன் என்றார். அவள் கேட்கவில்லை, கையில் திணித்தாள். கிளம்பும்போது அவர் ஜன்னலுக்குக் குனிந்தார். “வண்டிய மறுபடியும் பட்டறைக்குள்ள உடாதீங்க. உட்டீங்கன்னா மறுக்கா இதேதானுங்க. அடுத்த தடவை ரோட்டுல எந்த எடத்துல நிக்குமோ, நமக்குத் தெரியாது.” சொல்லும்போது காரைத்தான் பார்த்தார். பெரியவரைப் பார்க்கவில்லை.

சூலூர் தாண்டி மழை விட்டது. லோகப்பிரியா வைப்பரை நிறுத்தவில்லை. காய்ந்த கண்ணாடியில் அது கீச்சிட்டுக்கொண்டு ஓடியது. சிவப்புப் பெட்டி இருந்த இடம் கறுப்பாக இருந்தது. அந்தக் கறுப்பைப் பார்ப்பதை அவளால் விட முடியவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர் எழுந்து போய்விடவில்லை, விளக்கை மட்டும் அணைத்துவிட்டு உள்ளேயே இருக்கிறார் என்று தோன்றியது.

ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குப் போய்விடலாம். டாக்டர் பார்ப்பார், மருந்து எழுதுவார். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்புவார்கள். கரண்ட் வந்திருக்கும். கண்ணையா தறிகளை ஒவ்வொன்றாகப் போட்டுவிடுவார். அப்பா பலகைத் தடுப்புக்குள் போய்ப் படுப்பார். எல்லாத் தறியும் சரியாக ஓடுகிறது என்று கேட்டுவிட்டு, வாயைத் திறந்துகொண்டு தூங்குவார். இரவு முழுவதும் பஞ்சு வெள்ளையாக மிதக்கும். வீட்டின் உள்ளறையிலிருந்து அவள் எத்தனை முறை எழுந்து போய்ப் பார்த்தாலும், தறிச் சத்தத்தில் அந்தப் புஸ் கேட்காது. நின்றாலும் கேட்காது.

சிங்காநல்லூர் சிக்னலில் கார் நின்றது. அவள் எஞ்சினை அமர்த்தவில்லை. திருமலைசாமி கண்ணை மூடியிருந்தார், ஆனால் தூங்கவில்லை. அந்த நூல் இன்னும் அவர் விரல்களுக்கு நடுவே இருந்தது. உருட்டிக்கொண்டே இருந்தார்.

“அப்பா.”

புஸ்.

“உங்க கட்டலைப் பட்டறையிலிருந்து எடுத்து ஊட்டுக்குள்ள போட்டரலாமுங்கப்பா. இன்னிக்கே. நா போன் போட்டுக் கண்ணையாகிட்டச் சொல்றேன், கரண்டு வர்றதுக்குள்ள எடுத்துரட்டும். செரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”